கதையில் பிழைத்தவள்

சங்கரசுப்புவுக்கு விசைத்தறியில் வேலை. ஆனால் சந்தில் யாரும் அவனைத் தறிக்காரன் என்று சொன்னதில்லை. கதைக்காரன் என்றுதான் சொன்னார்கள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டி, முகத்தைக் கழுவிவிட்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான் என்றால், பீடி சுற்றுகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் இலையும் தூளும் வைத்த சுளவைத் தூக்கிக்கொண்டு வந்து சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். இலையை வெட்டவும் தூளை வைத்து உருட்டவும் கை போதும். காது சும்மாதானே இருக்கிறது. அந்தக் காதுகளுக்கு அவன் நூலகத்துப் புத்தகங்களை வாசித்துக் காட்டுவான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் இல்லாததை அளந்து விடுகிற ஆள் இல்லை. அச்சில் என்ன இருக்கிறதோ அதுதான். ஓர் எழுத்துக் கூட்ட மாட்டான், குறைக்க மாட்டான். "இது உள்ளதுதானா, இல்ல நீயா அவுத்து விடுதியா?" என்று வள்ளித்தாய் அக்கா அவ்வப்போது மடக்குவாள். உடனே புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டுவான். அவளுக்கு எழுத்து தெரியாது. இருந்தாலும் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, எழுதித்தான் இருக்கு" என்று ஒப்புக்கொள்வாள். அப்படி ஒரு நம்பிக்கை அவன் மேல்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் அவன் எடுத்து வந்தது அட்டை கிழிந்த ஒரு பழைய மொழிபெயர்ப்பு. எழுதியவர் பேரும் இல்லை, புத்தகத்தின் பேரும் இல்லை. வெள்ளைக்காரர் தேசத்தில் போன நூற்றாண்டில் எழுதிய கதை என்று முன்னுரையில் மட்டும் இருந்தது. ரத்தம் குடிக்கிற காட்டேரிக் கதை. நம் ஊர்க் காட்டேரி சுடுகாட்டில் கிடக்கும். அந்த ஊர்க் காட்டேரி கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு மாளிகையில் இருந்தது. பெண்களுக்கு அது பிடித்துப்போயிற்று.

"வீட்டுல உள்ளவங்க வாங்கன்னு கூப்பிட்டாத்தான் வாசப்படி தாண்டுமாம்லா" என்றாள் வள்ளித்தாய். "எங்க நாத்தனாளுக்கு அந்த மரியாத தெரியலியே."

"பூண்டைக் கண்டா ஓடிருமாம் அக்கா."

"அப்ப நம்ம சந்துக்குள்ள வராது. வீட்டுக்கு வீடு பூண்டுக் கொழம்புதான்."

சங்கரசுப்புவின் மனைவி இசக்கித்தாயும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பாள். சுவரில் சாய்ந்து, வயிற்றுக்கு மேலே சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். எட்டு மாதம். அந்தக் காட்டேரிக்குக் கண்ணாடியில் முகம் தெரியாது என்று அவன் வாசித்தபோது, "பாவம், தலைய எப்படிச் சீவும்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள். அவள் அப்படித்தான்.

கதையில் ஒரு பெண் வந்தாள். காட்டேரி கழுத்தில் வாய் வைத்து உறிஞ்ச உறிஞ்ச அவள் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனாள். உதடு வெளுத்தது, நகம் வெளுத்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இதை வாசிக்கும்போது சங்கரசுப்புவுக்கு நாக்குத் தடுமாறியது. எதிரே சுவரில் சாய்ந்திருந்தவளின் நகக்கண்ணும் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான் இருந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டு அவளும் வாசலில் நின்று மூச்சு வாங்குகிறவள்தான். கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசினது போக மீதியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாள். கேட்டால், "அம்மன் மண்ணுதான, ஒண்ணும் செய்யாது" என்பாள்.

அந்த வாரமே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனான். டாக்டரம்மா அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினாள், முடிவு வந்ததும் அவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டாள்.

"இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. மாத்திரை தாரேன். ஆனா பிரசவத்துல ரத்தம் போச்சுன்னா இந்தப் பிள்ளை தாங்காது. ரத்தத்துல பல வகை இருக்கு, ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தருக்கு ஆகாது. சொந்தக்காரங்க நாலஞ்சு பேரக் கூட்டிட்டுப் போய் யாரோடது ஆகும்னு இப்பவே லேபில பாத்து வச்சிருங்க."

"நான் இருக்கேன்மா" என்றான் சங்கரசுப்பு.

"நீங்களும் போய்ப் பாருங்க. மறந்திராதீங்க."

அவன் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். போகத் தேவையில்லை என்று நினைத்தான். அவனும் இசக்கியும் ஜாதகம் பார்த்துக் கட்டியவர்கள். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது. அதிலும் நாடிப் பொருத்தம் அமோகம் என்று மேலநீலிதநல்லூர் ஜோசியர் மூன்று தடவை சொல்லி வெற்றிலை வாங்கிக்கொண்டார். நாடியில் ஓடுவது ரத்தம்தானே? ஜோசியர் பார்த்த பிறகு லேப்காரன் புதிதாக என்ன பார்த்துவிடப் போகிறான்? போதாக்குறைக்குப் புத்தகம் வேறு. அதில் அந்தப் பெண்ணுக்கு முதலில் ரத்தம் கொடுத்தவன் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். குழாயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு வைத்தார்கள், கன்னத்தில் சிவப்பு ஏறியது. பிறகு அவனுடைய தோழன் கொடுத்தான், வைத்தியரும் கொடுத்தார். வகையாவது தொகையாவது, யாரும் எதையும் பார்க்கவில்லை. அச்சில் இருந்தது. அச்சில் இருப்பதைச் சங்கரசுப்பு ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. மடையன்.

மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே படித்துப் பார்த்தான். அங்கேதான் வந்தது. மூன்று பேர் ரத்தம் கொடுத்தும் அந்தப் பெண் செத்துப்போனாள். விடியற்காலம், வெள்ளைத் துணி, அழுகை, எல்லாம் விலாவாரியாக எழுதியிருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

சாயங்காலம் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். இசக்கி அன்றைக்கு இலைகூட வெட்டவில்லை. சுளவைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குப் பிழைச்சிருவாள்லா?" என்றாள்.

சங்கரசுப்பு புத்தகத்தைப் பிரித்தான். எழுத்துகள் இருந்தபடியேதான் இருந்தன. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டே, வாழ்க்கையில் முதல்தடவையாக, இல்லாததை வாசித்தான். அந்தப் பெண்ணுக்கு மூச்சு நிற்கப் போன நேரத்தில் கட்டிக்கொள்ளப் போகிறவன் மறுபடி கையை நீட்டினான் என்றும், வேறு யாருடைய ரத்தத்துக்கும் அடங்காத நோவு அவனுடைய ரத்தத்துக்கு அடங்கியது என்றும், பொழுது விடிந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து பால் கேட்டாள் என்றும் வாசித்தான்.

"உள்ளதுதானா?" என்றாள் வள்ளித்தாய்.

அவன் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். அவள் உற்றுப் பார்த்தாள். "சரி, எழுதித்தான் இருக்கு."

இசக்கி சுளவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்ட ஆரம்பித்தாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது தான் செய்தது நல்ல காரியம்தான் என்று அவனுக்குத் தோன்றியது. மறுநாளே புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசிப் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன என்று வீட்டில் சொல்லிவிட்டான். சொல்லிச் சொல்லி, நாளாக ஆக, அந்தப் பெண் பிழைத்தாள் என்பதை அவனே பாதி நம்பிவிட்டான்.

ஊர் அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. இசக்கியின் அண்ணன் மூக்காண்டி குருவிகுளத்திலிருந்து வந்தார். அம்மா, அப்பா இல்லாத தங்கச்சியைத் தோளில் போட்டு வளர்த்த மனுஷர். மிளகாயும் பருத்தியும் போடுகிற கரிசல்காட்டுச் சம்சாரி. வந்து இரண்டு நாள் இருந்தார். முதல்நாள் எங்கேயோ வெளியே போய்விட்டு முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார். இரண்டாம் நாள் காலையில் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, நான் தபசு முடியட்டும், அவ பெத்துப் பிழைக்கட்டும், அதுவரைக்கும் இங்கனயே கெடக்கேன். டாக்டரம்மா ரத்தம் கேட்டாவன்னு தங்கச்சி சொன்னா."

சங்கரசுப்புவுக்குச் சுருக்கென்றது. "ஏன் மச்சான், எம் பொண்டாட்டிக்குக் குடுக்க எங்கிட்ட ரத்தம் இல்லையா?"

"அதுக்கில்ல மாப்ள. ஒரு தைரியத்துக்குத்தான். நான் நேத்தே போயி..." என்று சட்டைப் பையில் கை வைத்தார்.

"அவ உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தது மூணு வருசத்துக்கு முந்தி மச்சான். இப்ப எம் பொறுப்பு. நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவான், கட்டுனவன் இருக்க அண்ணங்காரன் ரத்தம் குடுத்துப் பிழைக்க வச்சாம்பான்."

மூக்காண்டி பையிலிருந்து கையை வெறுமனே எடுத்தார். தங்கச்சியைப் பார்த்தார். இசக்கி எழுந்து வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ போண்ணே. அங்க காட்டுல வத்தல் காயுதுன்னு சொன்னியே. இவுக வாசிச்ச கதையில ஒரு பொண்ணு, எல்லாரும் ரத்தம் குடுத்தும் கேக்கல, கடைசில கட்டிக்கப் போறவரு குடுத்ததுலதான் பிழைச்சா. எனக்கும் இவுக ரத்தம் போதும். தபசுக்கு வா, வந்து பிள்ளையப் பாரு."

"ஏட்டி, புஸ்தகத்துல எழுதியிருக்கா?"

"அச்சுல இருக்குண்ணே. வள்ளித்தாய் அக்காகூடப் பாத்தா."

சங்கரசுப்பு பக்கத்தில்தான் நின்றான். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மூக்காண்டி மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு, "அம்மனுக்கு ஒரு சாக்கு வத்தல அள்ளி எறிஞ்சு சூறை விடுதேன்னு நேந்திருக்கேன், உனக்காகத்தான். தபசன்னைக்குச் சூறை விட்டுட்டு நேரா இங்க வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

தபசன்று விடிகாலையில் அவளுக்கு வலி வந்தது. ஊருக்குள் எள் போட்டால் விழாத கூட்டம். பஸ்ஸையெல்லாம் ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். ரிக்‌ஷாவில் படுக்க வைத்து, வள்ளித்தாய் முன்னால் நடந்து வழி கேட்க, டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பதினோரு மணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை நன்றாக அழுதது. சங்கரசுப்பு வாசலில் நின்று சிரித்தான். அது அவன் சிரித்த கடைசிச் சிரிப்பு.

கால் மணி நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தாள். "ரத்தம் நிக்கல. ஆளு யாரப் பாத்து வச்சிருக்கீங்க?"

அவன் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான். "எடுத்துக்கோங்கம்மா, எவ்வளவு வேணும்னாலும்."

"லேபில பாத்தீங்களா, இல்லையா?"

அவன் நீட்டிய கையை இறக்கினான். டாக்டரம்மா அவனைத் திட்டவில்லை. "ஓடுங்க" என்று மட்டும் சொன்னாள். "பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோற நிலைமையில அவ இல்ல. ஓடுங்க."

லேப் மூன்று தெரு தள்ளி. கடையநல்லூர் நஜ்முதீன் வைத்திருந்தார். விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரண்டு இடத்தில் ரத்தத்தை வைத்து மருந்தை விட்டார். ஒரு பக்கம் அப்படியே இருந்தது. மறுபக்கம் பால் திரிந்தது போல் திரிந்தது.

"உங்களுது பி, அண்ணாச்சி. அவங்களுக்கு ஓ. ஆகாது."

"நல்லாப் பாருங்க பாய். நாங்க பொருத்தம் பாத்துக் கட்டுனவங்க. நாடிப் பொருத்தம்லாம் இருக்கு."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"ஒரு புஸ்தகத்துல மூணு பேரு குடுக்காங்க பாய். ஒருத்தரும் இதெல்லாம் பாக்கல."

"எந்தக் காலத்துப் புஸ்தகம்?"

"போன நூற்றாண்டு."

நஜ்முதீன் தலையை ஆட்டினார். "அப்ப இதைக் கண்டுபிடிக்கவே இல்ல அண்ணாச்சி. எழுதுனவருக்கே தெரியாது. உங்க ரத்தத்த ஏத்துனா அதுவே ஆள முடிச்சிரும்." பேசிக்கொண்டே நோட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இசக்கித்தாய்னுதான சொன்னீங்க? அவங்க அண்ணன் வந்தாரே. கொடியேத்தத்துக்கு வந்தேன், தங்கச்சிக்கு வேணும்னு சொன்னாரு. ஊசியப் பாத்து நடுங்கிட்டாரு மனுஷன், கண்ண மூடிக்கிட்டுக் கைய நீட்டுனாரு. ஓ. தங்கச்சி ரத்தத்தோட வச்சும் பாத்தேன், அருமையா ஒத்துப்போச்சு. சீட்டு எழுதிக் குடுத்தேனே. அவரு எங்க?"

சங்கரசுப்புவுக்கு அந்தச் சட்டைப்பை ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நஜ்முதீன்தான் தூக்கி நிறுத்தினார்.

பிறகு அவன் ஓடாத இடம் இல்லை. தறிக்கூடத்து ஆட்கள் நாலு பேரைப் பிடித்து வந்தான், ஒருத்தருடையதும் ஆகவில்லை. ஐந்தாவதாக வந்த செல்லச்சாமிக்கு ஓ இருந்தது, ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் படுத்தவன். அதை எடுக்க முடியாது என்று நஜ்முதீன் சொல்லிவிட்டார். சந்துப் பெண்கள் பீடித்தூள் படிந்த கைகளோடு வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்திக்குத்தான் ஓ. அவளுக்கு இசக்கியைவிடக் குறைவாக இருந்தது ரத்தம். "இதுலயும் எடுத்தா இவளுக்கு யாரு குடுக்க?" என்றார் நஜ்முதீன். அந்தப் பெண் தப்புச் செய்தவள் மாதிரி அழுதுகொண்டே போனாள்.

மூக்காண்டி இந்த ஊருக்குள்தான் எங்கேயோ நிற்கிறார். அது சங்கரசுப்புவுக்குத் தெரியும். தெற்கு ரத வீதியில் காணாமல்போன பிள்ளைகளுக்கு அறிவிப்புச் செய்கிற மைக்செட் பந்தலுக்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். "குருவிகுளம் மூக்காண்டி எங்கிருந்தாலும் டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு உடனே வரவும், தங்கை ஆபத்தான நிலையில்" என்று சொல்ல வைத்தான். ஆறு தடவை சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் பக்கத்துக் குழாயில் பக்திப் பாட்டு அதை அமுக்கியது. லட்சம் ஜனம், எல்லாத் தலையும் வேர்வையில் நனைந்த தலை, எல்லா முதுகும் மூக்காண்டி முதுகு. "மச்சான், மச்சான்" என்று கத்திக்கொண்டே போனான். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "குடிச்சிருக்கான்" என்று சொன்னார்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினான். இசக்கியின் கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் உதடு எது, கன்னம் எது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவன் கட்டிலின் ஓரமாக உட்கார்ந்ததும் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"உங்க ரத்தம் ஏத்தியாச்சா?"

டாக்டரம்மா அவனைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏத்தியாச்சுட்டி" என்றான் சங்கரசுப்பு. "இந்தா, ஏறிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்பச் சரி. காலையில பால் கேப்பேன், வாங்கி வச்சிருங்க."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஐந்து மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. வள்ளித்தாய் பிள்ளையை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். வீதியில் ஜனம் எழுப்பிய சத்தம் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டது. தவமிருந்த அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கிற தபசுக்காட்சி ஆகியிருக்க வேண்டும்.

மூக்காண்டி ஆறரை மணிக்கு வந்தார். சூறை விட்டுவிட்டு நேரே சந்துக்குப் போய், வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு விசாரித்து வந்திருந்தார். இடுப்பில் துண்டு, கையெல்லாம் வத்தல் காரம். வாசலில் கூடி நின்ற பெண்களின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் சட்டைப் பையில் இருந்த சீட்டை எடுத்து, சட்டைக் கையையும் மேலே ஏற்றிக்கொண்டு, சங்கரசுப்பு முன்னால் நின்றார். வந்த வேலையைச் செய்யாமல் எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இந்தா மாப்ள சீட்டு. அன்னைக்கே காட்டணும்னு எடுத்தேன்."

சங்கரசுப்பு அதை வாங்கவில்லை. மூக்காண்டி தரையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்தார், காரம் பட்டுக் கண் இன்னும் எரிந்தது, துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அந்தக் கதையில உள்ள பிள்ளை பிழைச்சிட்டுன்னு சொன்னாளே மாப்ள. அதை நம்பித்தான நான் பஸ் ஏறுனேன். அது பிழைச்சிட்டுதான?"

வள்ளித்தாய் பிள்ளையோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்களும் பார்த்தார்கள். திருப்பிக் காட்ட அவன் கையில் புத்தகம் இல்லை.

"இல்ல மச்சான்" என்றான் சங்கரசுப்பு. "மூணு பேரு குடுத்தும் செத்துத்தான் போனா. இவ பயந்துருவாளேன்னு நாந்தான் மாத்தி வாசிச்சேன்."

மூக்காண்டி அவனை அடிப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். சங்கரசுப்புவும் அதைத்தான் எதிர்பார்த்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். அவர் அடிக்கவில்லை.

"பயந்திருந்தா நல்லாருந்திருக்குமே மாப்ள" என்றார். "பயந்திருந்தா என்னைப் போகவிட்டிருக்க மாட்டாளே."